தண்ணீர் இல்லை என்று நான் எழுதிய காலை

நம் பெட்ரோல் பங்க் மேலாளர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எதை எழுத வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்து வைத்திருந்தார்கள்.

"பல்லடம் ரோட்டுல அன்னைக்கு நூறு பேரு கூடி நின்னாங்களாமா, நீங்க பத்து நிமிசத்துல பேசியே கலைச்சு உட்டீங்களாமா. ட்ரெய்னிங்குல எல்லாரும் அதத்தானுங்க சார் சொல்றாங்க. அத எழுதிக் குடுங்க" என்றார் ஒருவர். "கல்லெடுத்தவனக்கூடக் கும்பிட வெச்சீங்களாமா!" என்றார் மற்றவர்.

யாரும் கல்லெடுக்கவில்லை. யாரும் கும்பிடவும் இல்லை. பதினோரு வருடத்தில் கதை அப்படி வளர்ந்திருக்கிறது. எழுதுகிறேன் கண்ணு என்று சொல்லி அனுப்பினேன். அதற்குப் பிறகு நான்கு நாட்கள் பேனாவைத் தொடவில்லை.

கூட்டம் கூடியது உண்மை. பத்து நிமிடத்தில் கலைந்ததும் ஏறக்குறைய உண்மை. எதைச் சொல்லிக் கலைத்தேன் என்பதை மட்டும் யாரும் கேட்டதில்லை. நான் ஒரு பொய்யைச் சொல்லிக் கலைத்தேன். நீங்கள் எல்லாரும் இந்தத் தொழிலில் புதிதாக வந்திருப்பவர்கள். பாடம் படிப்பதென்றால் முழுதாகப் படியுங்கள்.

பங்க்கின் பெயரும் முதலாளியின் பெயரும் இதில் வராது. டேங்கர் டிரைவரின் பெயரும் வராது. ஒரே ஒரு பெயரை எழுதியாக வேண்டும். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு விலை வருகிறது. அப்போது பதினைந்து நாளுக்கு ஒரு தடவைதான் மாறும். மாத நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. அந்த வருடம் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் சரிந்துகொண்டே போனது. இங்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. விலை இறங்கினால் ஊருக்குச் சந்தோஷம், பங்க்குக்குக் கவலை. நேற்று பழைய விலைக்கு வாங்கித் தொட்டியில் ஊற்றியதை இன்று புது விலைக்கு விற்க வேண்டும். தொட்டி நிறைந்திருந்தால் நட்டமும் நிறைந்திருக்கும்.

அதனால் விலை மாறும் நாள் நெருங்கும்போது டேங்கர் லோடு எடுக்காமல் தொட்டியை வற்றவிடுவது ஒரு சாமர்த்தியம் என்று எங்களுக்குள் பெயர் பெற்றிருந்தது. மறுநாள் விடிந்ததும் புது விலையில் முதல் லோடு வந்து இறங்க வேண்டும். இடையில் பங்க்கும் வறண்டு போகக் கூடாது. இதைக் கணக்காகப் பிடிப்பதில் நான் கெட்டிக்காரன். காலையில் ஆங்கிலப் பேப்பரில் கச்சா எண்ணெய் விலையைப் பார்த்து, டாலர் விலையைப் பார்த்து, இத்தனை இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லுவேன். நான்கு தடவை தொடர்ந்து சரியாகச் சொன்னேன். பக்கத்து பங்க்காரர்கள் எனக்குப் போன் செய்து கேட்க ஆரம்பித்தார்கள். முதலாளி விருந்தாளிகளிடம், "நம்ம மேனேஜரு எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரிங்க. சும்மா இல்லீங்க" என்று அறிமுகப்படுத்துவார். அந்தப் பட்டத்தை நினைவில் வையுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

வண்டி ஓட்டுகிறவர்களும் எங்களைப் போலவே காத்திருக்கக் கற்றுக்கொண்டார்கள். விலை குறையப் போகிறது என்று செய்தி வந்துவிட்டால் இரண்டு நாளைக்கு ஒருவரும் டேங்கை நிரப்ப மாட்டார்கள். "அம்பது ரூவாய்க்கு மட்டும் போடுங்கக்கா. கம்பெனி கேட்டு வரைக்கும் போனாப் போதும், திரும்பி வாறதுக்கு உருட்டிக்கறேன்" என்பான் ஒருவன். "உருட்டறதுக்கு எதுக்கு அம்பது? இருபதுக்குப் போட்டு ஊதிக்கிட்டே போ" என்பான் பின்னால் நிற்பவன்.

எல்லாருக்கும் சந்தோஷம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனி வேன் ஓட்டும் ஒருவர் ஒரு நாள் டீசல் போட வந்தார். சோமனூர்ப் பக்கமிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வருகிறவர். "என்னங்க, டீசலும் எறங்கிட்டே போகுது, உங்க பாடு கொண்டாட்டந்தானே?" என்று கேட்டேன்.

"கொண்டாட்டம் கம்பெனிக்காரருக்குங்க" என்றார். "ஏறுனப்ப, பாக்கலாம் பாக்கலாம்னு ஆறு மாசம் இழுத்தாரு. எறங்குன அன்னைக்கே கூப்புட்டு டிரிப்பு வாடகையக் கொறைச்சுப் போட்டாரு. டயரு வெல எறங்குச்சுங்களா? என்ற பசி எறங்குச்சுங்களா? சொல்லுங்க."

சிரித்தேன். நல்ல பேச்சு என்று ரசித்தேனே தவிர, அதில் இருந்த வலி எனக்குள் போகவில்லை.

எங்கள் பங்க்கில் பெட்ரோல் போடும் பெண் ஒருவர் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கல்யாணமாகித் திருப்பூர் வந்து பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூச்சிரைப்பு வந்து இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். காற்றோட்டமான இடத்தில் வேலை பார்க்கச் சொல்லி டாக்டர் அனுப்பியதால் எங்களிடம் வந்தவர். இந்த ஊரில் தூசியில்லாத வேலை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை ஷிப்டில் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை.

அவருடைய கணவர் வளைகுடாவில் எண்ணெய் வயலில் சாரம் கட்டும் வேலையில் இருந்தார். அந்த வருடம் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

"லீவா?" என்று கேட்டேன்.

"லீவு இல்ல சார். புதுசா கெணறு தோண்டுறத நிப்பாட்டிட்டாங்களாம். எண்ணெ விக்கிற வெலைக்குத் தோண்டுற கூலி கட்டாதாம். முந்நூறு பேரச் சாமானக் கெட்டச் சொல்லி ஏரோப்ளேன் ஏத்திவிட்டுட்டாங்க. இப்ப ஊட்டுல உக்காந்து டிவியில பெட்ரோல் வெலயப் பாத்துக்கிட்டுக் கெடக்காரு. எறங்குதுன்னு சொன்னா டிவிய அமத்திருவாரு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "எங்க ஊட்டுல நான் மட்டுந்தான் சார் இப்ப பெட்ரோல் கம்பெனி."

நான் காலையில் காபியோடு படித்துக் கணக்குப் போட்ட அதே செய்திதான் அந்த மனிதரை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அந்த வீட்டுக்கு மிஞ்சியிருந்தது எங்கள் பங்க்கில் இந்தப் பெண் பார்த்த வேலை ஒன்றுதான். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தது என்பதை எழுதிவிட வேண்டும்.

ஐப்பசி மாதம். பதினைந்தாம் தேதி இரவு விலை மாற வேண்டும். பெரிதாக இறங்கும் என்று நான் சொல்லியிருந்தேன். பெட்ரோல் தொட்டியை வற்றவிட்டுக்கொண்டிருந்தேன். பதினான்காம் தேதி மதியத்திலிருந்து விடாத மழை. அந்த மழையில் நனைந்துகொண்டு டேங்கர் டிரைவர் தன் பைக்கில் வந்தார். எங்களுக்கு ஏழெட்டு வருடமாக லோடு கொண்டுவருகிறவர். சங்ககிரிக்காரர். அதிகம் பேசாதவர். டேங்கர் டிரைவர்களுக்கு டிரிப்புக்கு இவ்வளவு என்றுதான் வருமானம். எல்லா பங்க்காரர்களும் என்னைப் போலவே லோடை நிறுத்திவைத்ததால் ஆயில் கம்பெனி டெப்போ வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன.

"சார், பாதி லோடாச்சும் எடுத்துக்குங்க. மழ விடற மாதிரி இல்லீங்க. உங்க டேங்கு மூடி பழசு, மழத்தண்ணி உள்ள எறங்குமுங்க. டேங்க அடிமட்டத்துல வெச்சிருந்தீங்கன்னா வம்பாயிருமுங்க" என்றார்.

ஆபீஸ் அறையில் பங்க் ஆட்கள் நான்கைந்து பேர் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தார்கள். கேட்பதற்கு ஆள் இருந்தால் எனக்குப் பேச்சு நன்றாக வரும்.

"டிரைவருக்கு டிரிப்பு வேணுமுன்னா, டிரிப்பு வேணுமுன்னு கேளுங்க. மழைய எதுக்குங்க சாட்சிக்குக் கூப்புடறீங்க?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்தார். கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "பாத்துக்குங்க சார்" என்று சொல்லி மழையிலேயே போய்விட்டார். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை என்பது எனக்கு இப்போது நினைவிருக்கிறது. அப்போது கவனித்தேனா என்று தெரியவில்லை.

பதினாறாம் தேதி, திங்கட்கிழமை. நான் சொன்னதைவிட அதிகமாகவே விலை இறங்கியிருந்தது. காலை ஆறு மணிக்கு வர வேண்டிய லோடு வரவில்லை. நான் போட்ட கணக்கையே எல்லாரும் போட்டதால் விடியற்காலையில் எல்லா பங்க்குக்கும் ஒரே நேரத்தில் லோடு தேவைப்பட்டது. டெப்போவில் எங்கள் முறை வர நேரமாகும் என்று போன் வந்தது.

ஆறரை மணிக்கு அந்தப் பெண் டிப் ராடுடன் என் அறைக்கு வந்தார். ராடின் முனையில் பேஸ்ட் தடவித் தொட்டியில் இறக்கிப் பார்ப்பது வழக்கம். தண்ணீர் பட்ட இடம் சிவந்துவிடும். நான்கு விரல் உயரத்துக்குச் சிவந்திருந்தது.

"சார், தண்ணி ஏறிருக்கு சார்."

"நாலு விரல்தானேம்மா. இழுக்கற பைப்பு அதுக்கு மேலதான் இருக்கு. ஒண்ணும் ஆகாது."

"பெட்ரோலே கொஞ்சந்தான கெடக்கு சார். இழுக்க இழுக்க மேல வந்துரும்லா? லோடு வாற வரைக்கும் ஸ்டாக் இல்லன்னு போர்ட மாட்டிருவமா?"

நம் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. தண்ணீர் பட்டால் அந்த எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். அடியில் இருக்கும் தண்ணீர் மட்டம் வளரும். நான்கு விரல் என்று தெரிவது நான்கு விரலோடு நிற்காது. இதை அந்தப் பெண்ணுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவர். நான் எம்.எஸ்சி. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மழை விட்டிருந்தது. புது விலைக்காக இரண்டு நாள் காத்திருந்தவர்கள் எல்லாரும் கம்பெனிக்குப் போகும் வழியில் வந்து நின்றிருந்தார்கள். வரிசை ரோடு வரை போயிருந்தது. போர்டை மாட்டினால் திட்டுவார்கள்தான். திட்டு வாங்கிப் பழகிய தொழில்தானே இது, அதற்கு நான் பயப்படவில்லை. போர்டை மாட்டினால் முதலாளிக்குத் தெரியும். என் கணக்கு தப்பிவிட்டது என்று பக்கத்து பங்க்காரர்களுக்கும் தெரியும். எனக்கு இருந்த பயம் அது மட்டும்தான்.

"தொறங்க" என்றேன்.

"ரெஜிஸ்டர்ல என்ன சார் எழுத?"

ரெஜிஸ்டரை நான் வாங்கி, தண்ணீர் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று என் கையால் எழுதினேன். சோதித்தவர் கையெழுத்து என்ற இடத்தைக் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். நான் சொன்னதால் போட்டார்.

முதல் ஒரு மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. பங்க்கே கலகலவென்று இருந்தது. "அக்கா, இன்னைக்கு ரொப்பி உடுங்க. ரெண்டு நாளா மூச்சப் புடிச்சுக்கிட்டு ஓட்டுனேன்" என்றான் ஒருவன். "புல் டேங்க் போடறாரு, மாப்பிள்ளைக்கு லாட்டரி அடிச்சிருக்குது" என்றார்கள் பின்னால். நான் அறையில் உட்கார்ந்து, தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

எட்டு மணி சுமாருக்கு ஒரு ஆள் பைக்கைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். பின்னால் அவர் மனைவி இரண்டு டிபன் பைகளோடு நடந்து வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் இன்னும் மூன்று பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பிறகு பத்து. பிறகு எண்ணவில்லை.

"ஏனுங்க, என்னத்தைங்க ஊத்துனீங்க?"

"கம்பெனி கேட்டச் சாத்திருவாங்க. பத்து நிமிசம் போச்சுன்னா அரை நாள் போச்சு. யாருங்க பொறுப்பு?"

ஒருவன் தன் வண்டியிலிருந்து பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துத் தூக்கிக் காட்டினான். மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். அதை எல்லாரும் செல்போனில் படம் எடுத்தார்கள். பிறகு, "இந்தம்மாதான் போட்டாங்க" என்று யாரோ கை காட்ட, கூட்டம் அந்தப் பெண்ணைச் சுற்றிக்கொண்டது. அவர் கையில் இன்னும் பெட்ரோல் போடும் நாசில் இருந்தது. அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. என் அறைப் பக்கம் பார்த்தார்.

நான் வெளியே வந்து பம்ப் மேடை மேல் ஏறி நின்றேன். உங்கள் ட்ரெய்னிங்கில் சொல்லும் கதையில் இந்த இடம்தான் பெரிய இடம். நான் சொன்னது இதுதான்:

"பெரியவங்க, தம்பிங்க எல்லாரும் மன்னிக்கணும். காலைல தொறக்கறதுக்கு முன்னால தண்ணி பாக்கணுமுங்க. எங்க ஸ்டாஃப் ஒருத்தங்க பாக்காமயே பாத்தேன்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க. அவங்கள இந்த நிமிசமே நிறுத்தறேன். உங்க வண்டி அத்தனையும் சரி பண்ணித் தர்றது என்ற பொறுப்புங்க."

ரெஜிஸ்டரையும் தூக்கிக் காட்டினேன்.

கோபமாக இருக்கிற கூட்டத்துக்குத் தேவை ஒரு ஆள். அந்த ஆளைக் கொடுத்துவிட்டால் கூட்டம் அடங்கிவிடும். அன்று அதைத் தெரிந்துகொண்டேன். உடனே ஆத்திரம் இறங்கியது. "சரி உடுங்க, பொம்பள. பாவம்" என்று அவர்களே பேச ஆரம்பித்தார்கள். மெக்கானிக்குகளுக்குப் போன் போட்டேன். பத்து நிமிடம்.

அந்தப் பெண் நாசிலை அதன் இடத்தில் மாட்டினார். தொப்பியைக் கழற்றினார். உள்ளே போய்ச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். என்னிடம் ரெஜிஸ்டர் இருந்தது, படிப்பு இருந்தது, மேடை இருந்தது. பேசியிருந்தாலும் யார் நம்பியிருப்பார்கள்?

பதினோரு மணிக்கு லோடு வந்தது. வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர் இறங்கினார். பெட்ரோல் பம்புகளைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பதைப் பார்த்தார்.

"அந்தம்மா எங்கீங்க?"

கூட்டத்திடம் சொன்னதையே அவரிடமும் சொன்னேன். பொய்யை இரண்டாம் முறை சொல்வது சுலபமாக இருந்தது.

"தண்ணி பாக்கலீங்களா? அந்தம்மாவா?" என்றார். "நான் லோடு எறக்கறதுக்கு முன்னால மூணு வாட்டி ராடு உட்டுப் பாக்கறவங்க அவங்க. 'எங்களயே சந்தேகப்படறீங்களா அக்கா'ன்னு நானே கேட்டிருக்கறேன்."

நான் பம்பைச் சுற்றிய கயிற்றை இழுத்துக் கட்டினேன்.

"மழையில நனைஞ்சு வந்து சொன்னேன். டிரிப்புக்காகத்தான் சொல்றான்னு நெனச்சீங்க, இல்லீங்களா?"

"அப்படியெல்லாம் இல்லீங்க…"

"டிரிப்புக்காகவுந்தானுங்க வந்தேன். மூணு நாளா வண்டி நிக்குது, ஊட்டுல அரிசி கேக்கறாங்க. எனக்கு டிரிப்பு வேணுங்கறதுக்காக, உங்க டேங்குல தண்ணி எறங்காமப் போயிருங்களா சார்?"

குழாயை மாட்ட ஆரம்பித்துவிட்டார். நான் என்ன செய்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது.

இதில் உங்களுக்கு ஒரு விஷயம் இருக்கிறது. டிரிப்பு வேண்டும் என்பவன், வேலை வேண்டும் என்பவள், வாடகை கூட்டிக் கொடுங்கள் என்பவன், இவர்கள்தான் நம்மிடம் வந்து நிற்பார்கள். அவர்களுக்குத் தேவை இருக்கிறது என்பதாலேயே அவர்கள் சொல்வதைக் கழித்துப் பார்க்கப் பழகிவிடுகிறோம். எனக்கும் அன்று தேவை இருந்தது. பேர் கெடக் கூடாது என்ற தேவை. அதை மட்டும் நான் கழித்துப் பார்க்கவில்லை.

ஆயில் கம்பெனியிலிருந்து ஆபீசர் வந்தார். ரெஜிஸ்டரைப் பார்த்தார். தவறு செய்த ஊழியரை நீக்கியாகிவிட்டது என்று எழுதிக்கொண்டு போனார். ஊருக்கும் தெரிய வேண்டும் என்றார் முதலாளி. விலை எழுதும் போர்டில் புது விலைக்குக் கீழே நானே எழுதினேன். கவனக்குறைவு காரணமாக இன்ன ஊழியர் பணி நீக்கம் செய்யப்பட்டார் என்று இனிஷியலோடு முழுப் பெயரையும் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். ஒரு வாரம் அது அங்கேயே இருந்தது. "நல்லா சமாளிச்சீங்க" என்று முதலாளி சொன்னார். அடுத்த மாதம் சம்பளம் உயர்ந்தது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி விலை இறங்கப் போகிறது என்று செய்தி. "இந்த வாட்டியும் டேங்கக் காயப் போட்டறலாமுங்களா?" என்று முதலாளி கேட்டார். வேண்டாம் என்று சொல்லி முழு லோடு எடுத்தேன். நட்டம் வந்தது. அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார், அவ்வளவுதான். இதற்குப் பயந்தா அப்படிச் செய்தேன் என்று அன்றைக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஓய்வு பெறும் வரை கூப்பிடவில்லை.

மலர்க்குழு இளைஞர்கள் வந்து போன பிறகுதான் டிரைவரைத் தேடிப் பிடித்து அந்தப் பெண்ணின் விலாசம் கேட்டேன். அவரிடம் இருந்தது. அருள்புரத்தில் ஒரு லைன் வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். அந்தப் பெண் சர்ச்சுக்குப் போய் வந்த உடையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, "வாங்க சார்" என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். கணவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவருதானா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் வெளியே போய் நின்றுகொண்டார்.

அந்தப் பெண்ணுக்கு மறுபடியும் பனியன் கம்பெனியில்தான் வேலை. வாயில் துணி கட்டிக்கொண்டு பார்க்கிறாராம். பேசும்போது இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார்.

நான் வந்த காரணத்தைச் சொன்னேன். எழுதப் போகிறேன் என்றும் சொன்னேன்.

அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். பிறகு, "அன்னைக்கு நீங்க மேல ஏறி நின்னு பேசும்போது, கூட்டத்துக்காகச் சொல்லுதீயன்னு நெனச்சேன் சார்" என்றார். "கூட்டம் போனதும் கூப்புடுவீயன்னு நெனச்சேன். அதனாலதான் வாயத் தொறக்கல. ரெண்டு நாளு போனக் கையிலயே வச்சிருந்தேன். இவருகூடக் கேட்டாரு, யாரு போனுக்குக் காத்துக் கெடக்கன்னு."

மூச்சு வாங்கிக்கொண்டு மேலே சொன்னார்.

"மூணாவது நாளு டவுன் பஸ்ல போனேன். பங்க்குகிட்ட பஸ்ஸு நின்னுச்சு. போர்டப் பாத்து எங்க லைன் வீட்டுப் பொம்பளைக சத்தமா வாசிச்சாங்க. பெட்ரோல் இவ்வளவு, டீசல் இவ்வளவு, அதுக்குக் கீழ எம் பேரு. அதுக்கப்புறம் போன் வராதுன்னு தெரிஞ்சிருச்சு."

"எழுதும்போது உங்க பேரைப் போடாம எழுதறேம்மா" என்றேன். அது மரியாதை என்று நினைத்தேன்.

"ஏன் சார்?" என்றார். முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. "தப்புப் பண்ணேன்னு எழுதும்போது இனிஷியலோட போட்டீய. பண்ணலன்னு எழுதும்போது மட்டும் பேரு வேண்டாமா? போடுங்க சார்."

சரி என்றேன். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

"மலர யாரு சார் படிப்பா? பங்க்குக்காரங்கதான?" என்று கேட்டார். "போர்ட ஊரே படிச்சிச்சே."

நேராக அந்த பங்க்குக்குப் போனேன். இப்போது முதலாளியின் மகன் பார்த்துக்கொள்கிறார். ஒரே ஒரு நாள் போர்டில் எழுத இடம் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். "பழைய கதைங்க சார், எதுக்குங்க இப்போ" என்றார். இரண்டு தடவை கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அதனால் இதைப் படிக்கும் உங்களிடம் கேட்கிறேன். திருப்பூரிலும் பல்லடத்திலும் அவிநாசியிலும் உங்கள் ஒவ்வொருவர் பங்க்கிலும் விலை எழுதும் போர்டு இருக்கிறது. அடுத்த தடவை விலை இறங்கும் நாளில், வண்டிகள் வரிசையில் நிற்கும் அந்தக் காலையில், விலைக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு இதை எழுதிவையுங்கள். ஒரு நாள் இருந்தால் போதும். வாசகத்தை நானே தருகிறேன்.

"ஊழியர் ம. ஜெபராணி அன்று தண்ணீர் பார்த்தார். இருக்கிறது என்று சொன்னார். திறக்கச் சொன்னவர் மேனேஜர்."